பின் மூலைக் கல்

அண்ணன் மூச்சு நின்றபோது கட்டிலைச் சுற்றி இருந்தவர்கள்:

அண்ணி. தலைமாட்டில் நின்றார்.

அண்ணன் மகள் செல்வி. காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மருமகன் குமரேசன். மருந்து வாங்கிக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்தார்.

என் வீட்டுக்காரர்.

பூக்கார முனியம்மா. செஞ்சியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்.

பக்கத்துக் கட்டில் பெரியவரின் மனைவி. பெயர் கேட்கவில்லை. அண்ணன் வாயில் கடைசித் தண்ணீரை ஊற்றியவர் அவர்தான். எங்களுக்குக் கை ஓடவில்லை.

நான். அண்ணனின் ஒரே தங்கை.

ஏழு பேர்.

ஒரு வருடம் ஆகிவிட்டது. நினைவு மலர் போட வேண்டும் என்று செல்வி சொன்னாள். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள், குமரேசன் எழுதட்டும் என்றேன்.

"கூட இருந்து பாத்தது நீ. நீயே எழுது அத்தை" என்றாள்.

எழுதுகிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது அனந்தபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம். எங்கள் நைனாவுக்கு நிலம் கிடையாது. யார் நிலத்தில் வேலையோ அந்த நிலத்து ஓரத்தில் கூரை போட்டுக்கொள்வோம். நிலத்துக்காரருக்கு இடம் வேண்டுமென்றால் பிரிக்க வேண்டும். எனக்கு நினைவு தெரிந்து மூன்று முறை பிரித்தோம். மூன்றாவது முறை அங்கே மோட்டார் கொட்டகை கட்டினார்கள். மழைக்காலம். நைனா ஓலையைத் தூக்கினார். அம்மா பானைகளைத் தூக்கினார். நடுக்கம்பத்தை அண்ணன் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பன்னிரண்டு வயது. வழியில் மாடு ஓட்டிக்கொண்டு வந்தவர் கேட்டார்.

"இன்னாடா, ஊட்டயே தூக்கினு போற?"

"ஊடு எங்குளுது. எடந்தான் அவங்குளுது."

அந்த ஆள் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

பத்தாவதில் தேறவில்லை. சென்னைக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போனார். பலகை அடிப்பது, முட்டுக் கொடுப்பது, கான்கிரீட் இறுகியபின் பிரிப்பது. பிறகு பெங்களூர். இருபத்திரண்டு வருடம். அதில் கல்யாணம் ஆனது, செல்வி பிறந்தாள், நைனாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். என்னைச் செஞ்சியில் கட்டிக் கொடுத்தவர் அண்ணன்தான். பிறகு அவரும் குடும்பத்தோடு செஞ்சிக்கு வந்தார். நாலு வாடகை வீடு மாறினார். நாலாவது வீட்டில், விருந்தாளி வந்தால் தண்ணீர் செலவாகிறது என்று குழாயைப் பூட்டினார்கள். அந்த வாரமே திண்டிவனம் ரோட்டுக்கு உள்ளடங்கி நாலு சென்ட் மனைக்கு அட்வான்ஸ் கொடுத்தார். கையில் இருந்தது அவ்வளவுதான்.

அண்ணன் வேலை செய்யும் முறை பற்றி எழுத வேண்டும். அது தெரியாதவர்கள்தான் பிறகு கண்டபடி பேசினார்கள்.

வீட்டு பீரோ கதவின் உள்பக்கம் சாக்பீஸில் ஒரு வரி எழுதுவார். அந்த வருடத்து வேலை அது. "கடைக்கால்" என்று இருக்கும். முடிந்ததும் அழித்துவிட்டு "சுவர்" என்று எழுதுவார். அடுத்த வருடம் "கூரை". இரண்டு வரி எழுதி நான் பார்த்ததில்லை. ஒருமுறை அண்ணி அடியில் "கலர் டிவி" என்று எழுதிவிட்டார். அண்ணன் அதை அழிக்கவில்லை. பக்கத்தில் "அடுத்த வருஷம்" என்று எழுதினார். அடுத்த வருடம் டிவி வந்தது.

பேங்குக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார்.

"வருமானத்துக்கு என்ன ஆதாரம் இருக்கு?"

அண்ணன் இரண்டு கையையும் மேசைமேல் வைத்தார்.

"இதுல நான் சீல் போட முடியாதுங்களே."

"உங்க பேங்க் மாடிக்கு இத வெச்சித்தான் சார் சென்ட்ரிங் அடிச்சேன்."

மேனேஜர் சிரித்துவிட்டார். எங்கள் இருவருக்கும் டீ வரவழைத்தார். கடன் கொடுக்கவில்லை. மனைக்கு அங்கீகாரம் இல்லை, வருமானத்துக்குத் தாள் இல்லை. இரண்டும் நிஜம்தான். அண்ணன் அவர்மேல் குறை சொன்னதில்லை.

வட்டிக்கு விடுகிறவர்கள் வீடு தேடி வந்தார்கள். அண்ணன் டீ கொடுத்து அனுப்பினார்.

முதல் அறை கதவு இல்லாமல் நின்றது. ஒரு தையல்காரர் வந்து பார்த்தார்.

"கதவு எப்ப போடுவ?"

"காசு வந்தா போடுவேன்."

"நான் போக்கியமா தரேன். நீ கதவப் போடு. மூணு வருஷம் குந்திக்கிறேன். போம்போது என் காசக் குடுத்துடு."

அப்படித்தான் தொடங்கியது. மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பார்கள். காலி செய்யும்போது தொகையை முழுதாக வாங்கிப் போவார்கள். தையல்காரர் கொடுத்த பணத்தில் கதவும் இரண்டாவது அறையும் வந்தன. இரண்டாவது அறைக்குக் குடிவந்தவர் கொடுத்ததில் மூன்றாவது. ஒருவர் போனால் அடுத்து வருகிறவர் பணம் போகிறவருக்கு. பதினான்கு வருடத்தில் ஐந்து வீடு, ஒரே வரிசையில். அண்ணன் மட்டும் வாடகை வீட்டிலேயே இருந்தார். பணத்துக்காக ஒரு நாளுக்கு மேல் யாரும் காத்திருந்ததில்லை.

ஆனால் அது குடியிருக்கிறவர்கள் பணம். அண்ணன் பணம் இல்லை. அதை அவர் மறந்ததில்லை. கேட்டு வருகிறவர்களுக்கும் அதையே சொல்வார். பனமலையிலிருந்து தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் வந்தார். பெரிய ஆசையோடு வந்தார்.

"நாப்பது மனை போடப்போறேண்ணா. மனைக் கல்லு கூட வந்து எறங்கிடுச்சி."

"கையில எவ்ளோ வெச்சிருக்கிற?"

"ரெண்டு லட்சம்."

"நாலு மனைக்கே பத்தாது."

"மீதிய அட்வான்ஸ் வாங்கிப் பொரட்டிக்கலாம்ணா."

"குடுத்தவன் நாளைக்கே திருப்பிக் கேட்டா?"

"இன்னாத்துக்குக் கேக்கப் போறான்?"

"அவன் கேக்க மாட்டான். அவன் பொண்டாட்டி கேப்பாடா."

அண்ணி உள்ளேயிருந்து, "கேப்பேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சொந்தக்காரர் நாற்பதை எட்டாகக் குறைத்துக்கொண்டார். இன்று நன்றாக இருக்கிறார். கல் மட்டும் முப்பத்திரண்டு மனைக்கு மிச்சம்.

இப்படிப்பட்டவர்தான் விழுந்தார்.

தரகர் ஏழுமலை ஒரு நாள் வந்தார். கோட்டைக்குப் போகிற பக்கம் இருபது சென்ட், விலை குறைவு என்றார்.

"கோட்ட பாக்க எங்கெங்க இருந்தோ ஜனம் வருது. தங்க ஒரு ரூம் கெடயாது. பத்து ரூம் போடுண்ணா. ஆயுசுக்கும் குந்தி சாப்டலாம்."

"வர ஜனம் வரும், போவும். குடியிருக்கிறவந்தான் இருப்பான். பத்தும் வேணாம். நாலு போதும்."

பீரோ கதவில் "நாலு" என்று மட்டும் எழுதினார்.

கோட்டைக்குப் பக்கத்தில் கட்டக்கூடாது என்பது அண்ணனுக்குத் தெரியும். கோட்டைச் சுவரிலிருந்து நூறு மீட்டருக்குள் எதுவுமே கட்டக்கூடாது. அதற்கு அப்பால் இன்னும் இருநூறு மீட்டர் வரை அனுமதி வாங்கிக் கட்டலாம். அதையும் தாண்டினால் தடை இல்லை. விசாரித்துவிட்டு முப்பது மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு போனார். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற பெரிய சுவரிலிருந்து அளந்தார். பதினொரு டேப். முந்நூற்று முப்பது மீட்டர். குமரேசன்தான் மறுமுனையைப் பிடித்தார். அளவு சரி.

நிலத்துக்கு முன்னால் வேறொருவர் நிலம். அது சீமைக்கருவேல முள்ளாகிக் கிடந்தது. முள்ளுக்குள் இடுப்பு உயரத்தில் கொஞ்சம் கல் தெரிந்தது. அண்ணன் என் வீட்டுக்கு வந்தார்.

"பாப்பா, முள்ளுக்குள்ள ஒரு கல்கட்டு தெரியிதே, அது இன்னாது?"

அந்த நிலம் முள்ளாவதற்கு முன்னால் மல்லாட்டைக் கடலை போட்டிருந்தார்கள். நான் களை எடுக்கவும் காய் பிடுங்கவும் கூலிக்குப் போனவள்.

"அது வரப்புக்குப் போட்ட கல்லுண்ணா. அது மேலதான் சோத்துத் தூக்கு வெப்போம்."

"நெஜமாவா?"

"பத்து வருஷம் குந்தி சாப்ட்டிருக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

அண்ணன் அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை.

இருந்த சேமிப்பு நிலத்துக்குப் போனது. பத்திரச் செலவுக்கு என் மகளிர் குழுக் கடனையும் கொடுத்தேன். கட்டுவதற்குப் பழைய முறைதான். நாலு வீட்டுக்கு நாலு பேரிடம் போக்கியம், ஆளுக்கு இரண்டு லட்சம். ஒரே வித்தியாசம், முன்னெல்லாம் அறை பாதியாவது நிற்கும். இந்த முறை கல் நட்ட மனையை மட்டும் காட்டினார். அண்ணனை நம்பிக் கொடுத்தார்கள். ஒருவர் டீக்கடைக்காரர். ஒருவர் அண்ணியின் ஒன்றுவிட்ட தம்பி. ஒருவர் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலாவது பூக்கார முனியம்மா.

முனியம்மா பஸ் நிலையத்தில் பூக் கட்டி விற்கிறவர். அண்ணனைவிடப் பத்து வயது மூத்தவர். மகன் வீட்டில் இருந்தார். மருமகளுக்கு ஆகவில்லை. பணத்தைப் பூக்கூடையில் ஈர வாழையிலைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தார். நோட்டெல்லாம் நமுத்துவிட்டது. அண்ணி அதைப் பாயில் பரப்பி ஃபேன் போட்டார். வீடு முழுக்க மல்லிகை வாசம்.

"யம்மா, வாங்கனதா எழுதித் தரேன், இரு" என்றார் அண்ணன்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீயே எழுதி நீயே வெச்சிக்க."

"எந்த ஊடு வேணும்?"

"பின் மூல. காத்து வரும். எழுந்து போன்னு என்ன யாரும் சொல்லக் கூடாது. அவ்ளோதான் தம்பி."

"யாரும் சொல்ல மாட்டாங்க" என்றார் அண்ணன்.

நாலு மூலைக்கும் அண்ணனே கல் நட்டார். பின் மூலைக் கல்லைக் கடைசியாக நட்டார். முனியம்மா அதற்கு ஒரு முழம் பூ சுற்றினார்.

ஊராட்சியில் மனு கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். கடைக்கால் எடுத்து, கல் கட்டி, தரை மட்டத்துக்கு பெல்ட் கான்கிரீட் போட்டாகிவிட்டது. வாங்கிய எட்டு லட்சமும் அதற்கும் கம்பி, சிமென்ட்டுக்கும் போய்விட்டது. தொல்லியல் துறையிலிருந்து இரண்டு பேர் அளக்கும் கருவியோடு வந்தார்கள். நல்லபடியாகப் பேசினார்கள். வேலையை நிறுத்துங்கள், கடிதம் வரும் என்றார்கள். வந்தது. குமரேசன் படித்துச் சொன்னார். நிலம் முழுதும் கோட்டைச் சுவரிலிருந்து நூறு மீட்டருக்குள் இருக்கிறது. கட்டக்கூடாது. கட்டியதை எடுத்துவிட வேண்டும்.

"எந்தச் சுவரு?" என்று கேட்டார் அண்ணன்.

எல்லோரும் நிலத்துக்குப் போனோம். குமரேசன் கடிதத்தில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு முள்ளுக்குள் கை காட்டினார்.

நான் சோற்றுத் தூக்கு வைத்த கல்கட்டு. கோட்டையின் வெளிச்சுவர் அது. இடிந்து மிச்சம் இருப்பது.

அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். என் பக்கம் திரும்பவில்லை. சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திட்டியிருக்கலாம்.

நிலத்தை விற்றவருக்கும் அது தெரியாது. அவர்மேல் குறை இல்லை. ஏழுமலை, "எனக்கு இன்னாண்ணா தெரியும், நானும் இந்த ஊரு ஆளுதான்" என்றார். அதுவும் நிஜம். ஊரில் யாருக்கும் தெரியாது. எல்லோரும் அதன்மேல் உட்கார்ந்தவர்கள்தான்.

அண்ணன் நாலு பேரையும் வரவழைத்தார். "உங்க காசு உங்களுக்கு வரும்" என்றார். பீரோ கதவில் "நாலு" என்றிருந்ததை அழிக்கவில்லை. அது இப்போது வீட்டுக் கணக்கில்லை, ஆள் கணக்கு.

ஐந்து வீட்டு வரிசையை விற்றார். நல்ல விலைதான். ஆனால் அந்த ஐந்து வீட்டிலும் இருந்தவர்களின் போக்கியப் பணத்தை முதலில் திருப்ப வேண்டும். அது போக மிஞ்சியது நாலு லட்சம். பதினான்கு வருடத்தில் அண்ணன் பணம் என்று இருந்தது அவ்வளவுதான். டீக்கடைக்காரருக்கும் அண்ணியின் தம்பிக்கும் கொடுத்தார். வாங்கி வைத்த கம்பியைப் பாதி விலைக்கு விற்று என் குழுக் கடனை அடைத்தார். நான் வேண்டாம் என்றேன்.

"உன் குழுவுல பதினோரு பொம்பளைங்க. அவங்க உன்ன கேப்பாங்க."

கண்டக்டர் வாசலில் வந்து சத்தம் போட்டார். அவரைத் தப்புச் சொல்ல மாட்டேன். ஓய்வுப் பணம்.

"எனக்கு உன் ஊடும் வேணாம், உன் நாயமும் வேணாம். என் காசக் குடுய்யா."

"வாரா வாரம் தரேன்."

"வாரா வாரம் தர நான் இன்னா பால்காரனா?"

ஆனால் வாராவாரம்தான் வாங்கிக்கொண்டார். அண்ணன் ஐம்பத்தேழு வயதில் மறுபடி சென்ட்ரிங் வேலைக்குப் போனார். சின்னப் பசங்கள் "பெருசு, நீ கீழயே இரு" என்பார்கள். சனிக்கிழமை கூலி வாங்கி, பஸ் பிடித்து, கண்டக்டர் வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். பஜாரில் நடந்தால், "கோட்ட ராஜா வராரு, எழுந்து நில்லுங்கடா" என்று ஒரு குரல் வரும். அண்ணன் அங்கேயே நின்று டீ குடித்து, காசு கொடுத்துவிட்டுப் போவார். ஒருமுறை எனக்குக் கோபம் வந்து திரும்பினேன். "உடு பாப்பா. கடனாளி முன்ன எழுந்து நிக்கச் சொல்றான். எவன் நிப்பான்?" என்றார். அந்த இரண்டு வருடத்தில் அவர் சொன்ன சிரிப்புப் பேச்சு அது ஒன்றுதான்.

முனியம்மா பணம் கேட்கவில்லை. அண்ணன்தான் அவரிடம் போனார்.

"எனக்குக் கடைசியில குடு. காசு வேணாம் தம்பி. அந்த மூல வேணும்."

"அங்க கட்டக் கூடாதும்மா."

"மூல கூடவா?"

அந்தக் கேள்விதான் அண்ணனைப் பிடித்துக்கொண்டது. சுவருக்குத் தூரமானது பின் மூலைதான். அளந்தவர்கள் முன்பக்கம் அளந்துவிட்டு முழுதும் என்று எழுதியிருப்பார்கள் என்றார். பக்கத்துச் சந்து வழியாக எட்டு வைத்து நடந்து பார்த்தார். சுவருக்கு நேரே தொடங்கிப் பின் மூலைக்கு நேரே வரை நூற்று முப்பத்தாறு எட்டு.

"என் எட்டு ரெண்டரை அடி. நாப்பது வருஷமா தப்பனதில்ல. நூத்தி மூணு மீட்டர் வருது பாப்பா. மூணு மீட்டர் வெளிய நிக்குது. அனுமதி வாங்கி ஒரு ரூம் கட்டிடலாம்."

"மூணு மீட்டர்ல இன்னாண்ணா கட்டுவ?"

"பத்தடி. ஒரு ஆளு படுக்க பத்தடி பத்தாதா?"

மறுபடி அளக்கச் சொல்லி மனு எழுதலாம் என்றார் குமரேசன். அண்ணன் ஒப்பவில்லை. முதலில் நாமே டேப் பிடித்துப் பார்க்க வேண்டும், தெரியாமல் மனு போடக்கூடாது என்றார். சந்தில் பார்த்தது கண் மதிப்புதான். சுவரிலிருந்து கல்லுக்கு டேப்பை நேராகப் பிடிக்க நடுவில் முள். முள் அடுத்தவர் நிலத்தது. அவர் வெளியூரில் இருந்தார். ஆள் மூலம் சொல்லி அனுப்பினோம். பதில் இல்லை. "நான் வெட்டிடறேண்ணா, யாரு கேக்கப் போறாங்க" என்றேன்.

"அடுத்தவன் எடம் பாப்பா" என்றார்.

அதற்கு முன்பே, மழைக்காலத் தொடக்கத்தில், அவருக்குச் சர்க்கரை ஏறி இரண்டு காலும் வீங்கியிருந்தன. வேலையை விடவில்லை.

திண்டிவனத்தில் ஒரு மாடியில் முட்டுப் பிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். நெஞ்சுவலி. பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். இரண்டாம் நாள் முனியம்மா இட்லியோடு வந்தார். மறுநாளும் வந்தார்.

"எழுந்து வா தம்பி. மூல எங்க ஓடப் போவுது."

"அளக்கணும்மா."

"அளக்கலாம். மொதல்ல நீ இட்லி துன்னு."

அரை இட்லி சாப்பிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, நீ அளந்து பாரு. டேப்ப நேராப் புடி. தொய்ய உடாத."

என்னிடம் அவர் பேசியது அதோடு முடிந்தது.

அண்ணன் ஏமாற்றினார் என்று பேசியவர்கள் இதைப் படிக்கிற சொந்தத்திலும் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறேன். நாலு பேரில் இரண்டு பேருக்கு அண்ணன் கையால் கொடுத்தார். கண்டக்டருக்குப் பாதிக்கு மேல் கொடுத்திருந்தார். மீதியைச் செல்வி வளையல் விற்றுக் கட்டினாள். கண்டக்டர் அதை வாங்கும்போது அழுதார். போக்கியம் கொடுத்தவர்களில் பாக்கி ஒருவர்தான். நிலம் இருக்கிறது. வீட்டு மனை என்று யாரும் வாங்க மாட்டார்கள். பயிர் நிலமாகக் கேட்கிறார்கள். கேட்கிற விலை பாக்கிக்குப் பத்தாது. அண்ணி, அண்ணன் விற்ற அதே வரிசையில் மூன்றாவது வீட்டில் மாத வாடகைக்கு இருக்கிறார். அண்ணன் சென்ட்ரிங் அடித்த கூரைதான். பீரோவையும் அங்கே கொண்டுபோயிருக்கிறார். கதவின் உள்பக்கம் இன்னும் "நாலு" என்றே இருக்கிறது. துடைக்க விடவில்லை.

உதவியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் தண்ணீர் கொடுத்த அந்த அம்மாவுக்கு. எந்த ஊரோ, நன்றாக இருக்கட்டும்.

திண்டிவனத்தில் அண்ணனைத் தோளில் தூக்கி இறக்கிய சென்ட்ரிங் ஆட்களுக்கு. அவர்கள் கூடி ஒரு நாள் கூலியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

காரியத்தன்று பந்தல், சாப்பாட்டுச் செலவை ஏற்ற பனமலைச் சொந்தக்காரருக்கு. மிச்சமிருந்த மனைக் கல்லில் ஒன்றை எடுத்து அண்ணன் தலைமாட்டில் நட்டவரும் அவர்தான்.

இந்த மலருக்குக் காகித விலை மட்டும் வாங்கிய அச்சகத்தாருக்கு.

முள் நிலத்துக்காரருக்கு. போன மாதம் ஊருக்கு வந்து முள்ளை வெட்டிக் கரி சுட ஆள் விட்டார். அவருக்கு அண்ணன் விஷயமே தெரியாது. சொல்லி அனுப்பியது போய்ச் சேரவில்லையாம். இப்போது சுவர் முழுதும் தெரிகிறது. சுவருக்கும் நிலத்துக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. வெறும் அடிக்கட்டைகள்.

போன வெள்ளிக்கிழமை காலை நானும் அண்ணியும் அண்ணனின் டேப்பை எடுத்துக்கொண்டு போனோம். வேறு யாரிடமும் சொல்லவில்லை. அண்ணி சுவரில் முனையை வைத்து அழுத்திப் பிடித்தார். நான் இழுத்துக்கொண்டு போனேன். தொய்ய விடவில்லை. முப்பது வந்ததும் குச்சி நட்டோம். அங்கிருந்து மறுபடி முப்பது. பெல்ட் கான்கிரீட் இருந்த இடத்தைத் தாண்டினோம். மறுபடி முப்பது. மூன்றாவது குச்சியிலிருந்து பின் மூலைக் கல் கண்ணெதிரே தெரிந்தது. பூ சுற்றிய நார் இன்னும் அதில் இருந்தது. கிட்டேதான். அண்ணி மூன்றாவது குச்சியில் முனையைப் பிடித்துக்கொண்டு, "எவ்ளோ?" என்று கேட்டார். திரும்பப் போய்ச் சுவரிலிருந்து மறுபடி அளந்தோம்.

கால் வீங்கிய பிறகு அண்ணனின் நடை குறுகியிருந்தது. நாங்கள் பார்த்தோம். அதை அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

டேப்பின் மறுமுனையைப் பிடித்த அண்ணிக்கு நன்றி.

பஸ் நிலையத்தில் பார்க்கும்போதெல்லாம் முனியம்மா, "அளந்தியாம்மா?" என்று கேட்பார். இன்னும் இல்லை என்பேன். போன வெள்ளிக்குப் பிறகு அந்தப் பக்கம் நான் போகவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. இந்த மலரை நான்தான் படித்துக் காட்ட வேண்டும். அதனால் இதைக் கடைசியில் வைத்தேன்.

சுவரிலிருந்து பின் மூலைக் கல் வரை, இரண்டு முறையும், தொண்ணூற்றெட்டு மீட்டர்.